தலைகீழாய்த் தொங்கிய கேமரா

திரையில் நின்ற புலியை அண்ணிக்கு முன்பின் தெரியாது. அதனாலேயே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புலிகள் காப்பகத்து அலுவலகத்தில், காட்டுக் கேமராக்கள் எடுத்த படங்களைப் பார்த்து எது எந்தப் புலி என்று சொல்வது அவள் வேலை. கேமரா கட்டும் கொழுந்தன் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிடப்போய், ரேஞ்சர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது. ஒரே புலிக்கே இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு; அதனால்தான் பாதையின் இருபுறமும் எதிரெதிராகக் கேமரா கட்டுவார்கள். சொந்தக்காரர்களின் முகத்தை மறந்து திட்டு வாங்கியிருக்கிறாளே தவிர, அண்ணி ஒரு வரியையும் மறந்ததில்லை. இந்த வலப்பக்க வரி கணினியிலும் இல்லை, அவள் மண்டையிலும் இல்லை.

“சார், புதுப் புலி!”

அவள் போட்ட சத்தத்தில் ரேஞ்சர் தேநீரோடு ஓடிவந்தார். பாதியை வழியிலேயே சட்டைக்குக் கொடுத்துவிட்டார். படத்தைப் பார்த்ததும் மலர்ந்த முகம் சட்டென்று வாடியது.

“அப்ப ராங்கி கதை முடிஞ்சுதா?”

அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். குஷியில் அதை யோசிக்கவே இல்லை, பாவி. ராங்கி அந்தப் பள்ளத்தாக்கின் தாய்ப்புலி. கேமராவைக் கண்டாலே ஓர் அறை விடுவாள், பேர் வந்ததே அப்படித்தான். அவள் குட்டி போட்டிருக்கிறாள் என்றுதான் பள்ளத்தாக்கு கேட்டைப் பூட்டி, சுற்றுலா ஜீப்புகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். மழைக்குப் பிறகு அவள் கண்ணிலேயே படவில்லை. இப்போது அவள் இடத்தில் வேறொரு புலி உலாவுகிறது என்றால் அவளும் இல்லை, குட்டிகளும் இல்லை.

“மேலிடத்துல தினமும் நச்சரிக்கிறாங்க. இனி என்ன சாக்கு சொல்றது? சாயங்காலம் கேட்டைத் திறந்துவிட வேண்டியதுதான்” என்றார் ரேஞ்சர்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் சேற்றுக் காலோடு உள்ளே வந்தான். ஆத்திரத்தைக் கொட்ட அண்ணிக்கு ஆள் கிடைத்தது.

“வா ராசா, வா. எதிர்ப்பக்கக் கேமரா பேட்டரி செத்துக் கிடக்கு. இருந்த ஒண்ணையும் தலைகீழா கட்டி வச்சிருக்க! அத்தனை படமும் குப்புற வந்துச்சு. நான் உக்காந்து ஒவ்வொண்ணா நிமிர்த்தினேன்.”

“நானா? நேராத்தான் கட்டினேன் அண்ணி!”

“ஆமா, மரம்தான் தலைகீழா முளைச்சிருக்கு.”

அவன் திரையை உற்றுப் பார்த்தான். “இது எந்த இடம்?”

“நீ கட்டின ஓடைப் பாதைதான்.”

“அப்ப ஓடை எப்படி வலப்பக்கம் வந்துச்சு? அந்த மரத்துலேருந்து பார்த்தா இடப்பக்கமில்ல ஓடணும்?”

அண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வரியைப் பார்த்தவள் ஓடையைப் பார்க்கவில்லை. புலிக்குப் பின்னால் பஸ் நின்றிருந்தாலும் பார்த்திருக்கமாட்டாள், அவ்வளவு வரிப் பைத்தியம்! கணினியில் அடுத்தடுத்து இரண்டு பொத்தான்கள். ஒன்று படத்தை அப்படியே சுற்றிவிடும். மற்றது கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிவிடும். அவசரத்தில் அவள் அழுத்தியது இரண்டாவதை. படம் நிமிர்ந்தது, ஆனால் புலியின் இடப்பக்கம் வலப்பக்கமாகிவிட்டது.

குப்புறக் கிடந்த மூலப் படத்தை மறுபடி எடுத்து, இந்த முறை சுற்றினாள். ஓடை இடப்பக்கம் வந்து நின்றது. வரியைப் பார்த்தாள். கணினி பேர் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

“ராங்கி சார்! நம்ம ராங்கி!”

“குட்டி?” ரேஞ்சர் திரைப்பக்கம் குனிந்தார்.

அடுத்த படம், வெறும் புல். அதற்கடுத்த படத்தில் புல்லுக்குள்ளிருந்து ஒரு குட்டி. அதற்கும் அடுத்ததில், அதன் வாலைக் கவ்விக்கொண்டு இன்னொன்று. அண்ணி சிரித்துக்கொண்டே அழுதாள். ரேஞ்சர் போனில் கத்தினார்: “கேட்டைத் தொடாதீங்க! யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க!”

“நான் நேராத்தான் கட்டினேன்” என்று கொழுந்தன் மட்டும் விடாமல் முனகிக்கொண்டிருந்தான்.

அண்ணிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. குப்புற வந்த படங்களுக்கு முன்னால் ஒன்று, வெறும் மங்கல் என்று அவளே ஒதுக்கித் தள்ளியது. அதைத் திறந்தாள். திரை முழுக்க ஒரு புலிப் பாதம், மெத்து மெத்தென்று, அப்படியே கேமராவை நோக்கி வருகிறது.

“நேராத்தான் கட்டியிருக்க ராசா” என்றாள் கண்ணைத் துடைத்தபடி. “கவுத்துவிட்டது அவ.”