மருமகளின் கைராசி

மாமனார் தையற்காரர். தொழிலை விட்ட பிறகும் கத்தரிக்கோல் நாக்கில் மட்டும் மிச்சமிருந்தது. அவர் காலமெல்லாம் துணி வெட்டிய நீள மேசைதான் இப்போது மருமகளின் பட்டறை. பழைய வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்ப்பது அவள் பிழைப்பு. மேசை கைமாறிய நாளிலிருந்து பெரியவர் அவளோடு நேராகப் பேசுவதில்லை. "என் கண்ணாடியைப் பாத்துச்சான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேளு" என்று அவள் எதிரிலேயே மகனிடம் சொல்வார். அவளும் வீம்புக்கு வாயே திறக்கமாட்டாள். ஆனால் அவர் வாயால் ஒரு தரம் 'அம்மா' என்று கூப்பிடமாட்டாரா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டிலும் ஒரு பழைய கணினி இருந்தது, மகன் சின்ன வயதில் விளையாடியது. மாமனார் சாயங்காலமானால் அதை டிவியில் மாட்டி, பந்தடித்துச் செங்கல் உடைக்கும் ஆட்டத்தில் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் படமே வரவில்லை. வேறு வழியில்லாமல், மகன் மூலமாக, பெட்டி மேசைக்கு வந்தது.

போயிருந்தது ஒரே ஒரு சிப். எல்.எஸ். வகை. அவள் டப்பாவில் அதே எண்ணில் இரண்டு வகை இருந்தன. ஒன்று அதே பழைய எல்.எஸ்., இன்னொன்று பிற்பாடு வந்த எச்.சி. எண் ஒன்று, செய்யும் வேலையும் ஒன்று. புதியது கரண்ட் குறைவாகக் குடிக்கும், சூடாகாது. 'மாமாவுக்குப் போடறது உசத்தியாவே இருக்கட்டும்' என்று எச்.சி.யை எடுத்துப் பற்றவைத்தாள். வாடிக்கையாளர் யாராவது இப்படிப் பழைய போர்டில் வகை மாற்றிப் போட்டிருந்தால் உட்காரவைத்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருப்பாள். பாசம் வந்தால் புத்தி லீவு போட்டுவிடுகிறது, என்ன செய்ய!

கூடத்தில் மாட்டினாள். படம் பளிச்சென்று வந்தது. அவள் எழுந்ததும் சிதறியது. குனிந்து பெட்டிமேல் கையை வைத்தாள், சரியானது. கையை எடுத்தாள், மறுபடி சிதறியது.

"அட! ஏம்மா, உனக்கு நல்ல கைராசி!" என்றார் மாமனார். "அப்படியே கையை வச்சுக்கிட்டு உக்காரு."

நேராக, அதுவும் 'ஏம்மா' என்று! மருமகள் அப்படியே உருகிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அழைப்பு வந்துவிடும். அவள் பெட்டிமேல் கை வைத்திருப்பாள். அவர் செங்கல் உடைத்தபடியே, தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு அளவு கொடுத்துவிட்டு அப்புறம் கால்சட்டை பிடிக்கிறது என்று சண்டைக்கு வந்தவர்களின் கதையெல்லாம் சொல்வார். "இவ்வளவு படிச்சது பெட்டிமேல கை வைக்கத்தானா?" என்று கணவன் கிண்டலடித்தான். அவள் முறைத்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

லீவு போட்ட புத்தி ஒருநாள் வேலைக்குத் திரும்பியது. கை இருக்கும் இடத்துக்கு நேர் கீழே அந்தப் புது சிப் இருந்தது! மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். போர்டில் அந்த சிப்பின் ஒரு கால் எதனோடும் சேராமல் தொங்கலில் விடப்பட்டிருந்தது. எல்.எஸ். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. தொங்கும் காலை எப்போதும் 'ஒன்று' என்றே படித்துவிட்டுப் போகும். எச்.சி. அப்படியில்லை. காற்றுக்கும் நிழலுக்கும் சாய்கிற ஆள் மாதிரி, கை அருகில் வந்தால் ஒரு பக்கம், விலகினால் இன்னொரு பக்கம். கைராசியாவது மண்ணாங்கட்டியாவது!

சரியான சிப் டப்பாவிலேயே இருந்தது, மாற்றுவதும் சின்ன வேலைதான். மாற்றிவிட்டால் மறுபடி 'அந்தப் பொண்ணு' ஆகிவிடுவோமே என்று பயந்து, பெட்டியை அப்படியே மூடி வைத்தாள். ஆனால் மாமனார் போனில் சொந்தக்காரர்களிடமெல்லாம் "என் மருமக கைராசி யாருக்கு வரும்!" என்று பீற்றிக்கொள்ள ஆரம்பித்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று ஆட்டத்தின் நடுவிலேயே சொல்லிவிட்டாள். "மாமா, கைராசியெல்லாம் ஒண்ணுமில்ல. நான்தான் தப்பான சிப்பைப் போட்டுட்டேன்."

"தெரியும்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன தெரியும்?"

"மறுநாளே நீ கடைக்குப் போனப்ப நான் கையை வச்சுப் பாத்தேன், ஓடுச்சு. உன் புருஷன் வச்சான், ஓடுச்சு. பக்கத்து வீட்டுப் பூனை ஏறி உக்காந்துச்சு, அதுக்கும் ஓடுச்சு."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. "அப்புறம் எதுக்கு தினமும் என்னைக் கூப்பிட்டீங்க?"

"பூனைகிட்ட கதை சொன்னா சிரிக்குமா?" பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேசைக்காகக் கோவிச்சுக்கிட்டேன். கோவம் போய் எவ்வளவோ நாளாச்சு. திடீர்னு எப்படிம்மா பேசுறது? ஒரு சாக்கு வேணாமா? அந்த சிப்பை மாத்திடு, உன் தொழிலுக்குக் கெட்ட பேரு. ஆனா நாளைக்கும் வந்து சும்மா உக்காரு."

கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் கையை எடுத்தாள். படம் சிதறியது.

"ஐயையோ, வைம்மா கையை!" என்று அலறினார் மாமனார். "கடைசிச் செங்கல்! ஆட்டம் முடிஞ்சதும் அழுதுக்கலாம்!"