மழையில் உருகாத அரக்கு

1

இந்தக் கதை நீதிமன்ற வாசல் டீக்கடையில், சாப்பாட்டு இடைவேளையில் எனக்குக் கிடைத்தது. ஒரு பெண் இன்ஸ்பெக்டர் டீ கிளாஸை வைத்த வேகத்தில் கட்டடமே ஆடியது. (சரி, மேசை ஆடியது. ரிட்டயரானவனுக்கு இவ்வளவுகூடப் பெருக்க உரிமை இல்லையா?)

"கொலைகாரன ஓடி ஓடிப் புடிச்சவ நான். இன்னிக்குத் திருடி மாதிரி முழிக்கிறதும் நான்" என்றார்.

2

இதை முதலில் இப்படி எழுதத் தொடங்கினேன்: 'நீதிதேவதையின் கண்களில்...' அடித்துவிட்டேன். அங்கே தேவதை இல்லை. தூசி அப்பிய மின்விசிறிதான். கூண்டில் மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவன், புதுச் சட்டையில். கடைசி பெஞ்சில் செத்துப்போனவளின் அம்மா.

எதிர்த்தரப்பு வக்கீல், சாட்சி சொல்ல நின்ற இன்ஸ்பெக்டரிடம் கத்திப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினார்.

"எடுத்த எடத்துலயே அரக்கு முத்திரை வச்சதா எழுதியிருக்கீங்க. அன்னிக்குக் கொட்டுற மழை. அரக்க எப்படிம்மா உருக்குனீங்க, மூச்சுக் காத்துலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். கூண்டில் நின்றவனும் சிரித்தான். இன்ஸ்பெக்டர் வாய் திறக்குமுன் நீதிபதி சாப்பிட எழுந்துவிட்டார்.

3

நடந்தது இதுதான். தீக்குச்சி பற்றவில்லை. பொட்டலத்தை மடியிலேயே வைத்துக் கொண்டுபோய் ஸ்டேஷனில் முத்திரை வைத்தார். எல்லா வழக்கிலும் எழுதும் வரியை, கைப்பழக்கத்தில், இதிலும் எழுதினார். கத்தி அதே கத்தி; வழியில் யாரும் மாற்றவில்லை.

(அடிக்குறிப்பு: அந்த வரியை எழுதாத அதிகாரி எங்காவது இருந்தால் சிலை வைக்கலாம், குதிரையோடு.)

4

முடிவு ஒன்று: அரசு வக்கீல் காதோடு சொல்லிக்கொடுத்தபடியே, "ஜீப்புக்குள்ள, லைட்டர்ல உருக்கினேன்" என்கிறார் இன்ஸ்பெக்டர். அவன் ஜெயிலுக்குப் போகிறான்.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார். கத்தி சாட்சியமாக நிற்காமல் போகிறது. அவன் வெளியே வருகிறான். அந்த அம்மா...

இரண்டையும் அவரிடமே சொன்னேன்.

"உங்களுக்கென்ன சார், பேனா ரெண்டு பக்கமும் போகும். அந்த வரிய எழுதப் பழக்குன பெரியவரு புரமோஷன் வாங்கிட்டுப் போயிட்டாரு. கேள்வி கேக்குறவருக்கு ஃபீஸு. அந்தம்மா காலைல என் கையப் புடிச்சுக்கிட்டு, 'அவன விட்றாத தாயி'ங்குறாங்க. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லவா? இல்ல, அவங்க மூஞ்சிக்கு நேரா அவன அவுத்து விடவா?"

உள்ளே கூப்பிட்டார்கள். தொப்பியைச் சரிசெய்யாமலே போனார்.

5

"சொல்லுங்கம்மா, எங்க வச்சு உருக்குனீங்க?" என்கிறார் நீதிபதி.

அவர்

இல்லை, நான் எழுத மாட்டேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு நியாயம் பேசிப் பழகிய நீங்களே சாட்சிக் கூண்டில் ஏறி நில்லுங்கள். பதிலையும் நீங்களே சொல்லுங்கள். ஒரே நிபந்தனை: நீதிபதியைப் பார்க்காதீர்கள், கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொல்லுங்கள்.