போஞ்சி படர்ந்த கான்

மலைச்சரிவில் மழைத் தண்ணீர் இறங்குவதற்காக வெட்டும் வாய்க்காலுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கான் என்று பெயர். இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் கான் வெட்ட அழகுமுத்துவை மிஞ்ச ஆளில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவே அவரை முன்னால் கூப்பிட்டு நிறுத்துவார். "அஞ்சாம் நம்பர் மலைக் கான்ல ஒரு இலை கெடந்தாலும் நம்ம அழகுமுத்துவுக்குச் சோறு எறங்காது" என்பார். அந்தப் பெருமையில் அழகுமுத்து தலைப்பாகையை ஒரு தடவை அவிழ்த்துக் கட்டிக்கொள்வார்.

அதே அழகுமுத்துவின் வீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். எட்டிப் பார்க்காதவர் யார்? தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், மேல் லயத்தின் கடைசி வீடு அவருடையது. மலையிலிருந்து வருகிற தண்ணீர் முழுவதும் லயத்தின் முதுகோரமாக ஓடும் கானில் விழுந்து, அவர் வீட்டைத் தாண்டித்தான் ஓடையில் சேரவேண்டும். அவரோ தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கானில் தேயிலைச் செடியை வெட்டிக் கழித்த கவ்வாத்துக் குச்சிகளைப் போட்டு, மேலே மண்ணைக் கொட்டி மிதித்து, பீன்ஸ் என்று சொல்லும் போஞ்சியை நட்டிருந்தார். தன் வீட்டுச் சுவர் நனையக்கூடாதே என்று புல்லோடு மண்ணை வெட்டி அடுக்கி ஒரு வரப்பும் போட்டுக்கொண்டார். போஞ்சி என்றால் அப்படி ஒரு போஞ்சி. பந்தல் கொள்ளாமல் தொங்கியது.

மற்றவர்கள் மட்டும் என்ன யோக்கியம்? வரிசையில் இருந்த ஒவ்வொரு வீடும் அடுப்புச் சாம்பலையும் காலி மீன் டின்னையும் கானில்தான் கொட்டியது. மலை உச்சியில் நின்ற மரங்களைப் போன வருஷம் விறகாக்கி எரித்ததிலும் எல்லா அடுப்புக்கும் பங்குண்டு. மரம் போனதிலிருந்து மழைத் தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு சிவப்பாக, ஏதோ ரயிலைப் பிடிக்கப் போவதுபோல அவசரமாக இறங்கியது.

மேல் லயத்திலிருந்து அவர் வீட்டோரப் படிக்கட்டில் இறங்கினால் நேர் எதிரே கீழ் லயத்தின் முதல் வீடு. அதில் சோமசுந்தரமும் அவர் மனைவி நாகலெட்சுமியும் இருந்தார்கள். சோமசுந்தரத்துக்கு எழுதப் படிக்கத் தெரியும். பிரஜாவுரிமை கேட்டு எல்லாரும் மனுப் போட்டுவிட்டு, இந்த நாட்டில்தான் இருந்தோம் என்பதற்கு அத்தாட்சி தேடி அலைந்த காலம் அது. இரண்டு லயத்துக்காரர்களின் பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு எல்லாம் அவர் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அழகுமுத்துவின் பத்திரங்களும் அதில்தான்.

சித்திரை மாதத்தில், பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நாகலெட்சுமி அழகுமுத்துவை மடக்கினாள்.

"ஏண்ணே, கானை மூடிப்புட்டீங்களே, பெருமழை வந்தா தண்ணி எங்கிட்டுப் போகும்?"

"தண்ணிக்கு வழி காட்டுறது என் தொழிலு தங்கச்சி. இருவது வருசமா காட்டுறேன். எனக்கே பாடமா?"

"மலையில காட்டுறீங்க. வீட்டுல மறிக்கிறீங்களே!"

பீலியில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அழகுமுத்து குடம் நிறைவதற்குள் தூக்கிக்கொண்டு நடந்தார். மறுநாள் காலையில் நாகலெட்சுமி வீட்டு வாசலில் ஒரு கட்டுப் போஞ்சி இருந்தது. பிஞ்சாக, பார்க்கவே ஆசையாக. நெத்தலி போட்டு அவள் ஆக்கிய வாசம் ஆறு வீடு தாண்டி வந்தது. அதன் பிறகு ஞாயிறு தவறாமல் போஞ்சி வந்தது. நாகலெட்சுமியும் கானைப் பற்றிப் பேசவில்லை.

ஆனி மாதம் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. வியாழக்கிழமை ஹட்டனில் மனு விசாரணை. திங்கட்கிழமை சோமசுந்தரம் அது விஷயமாக டவுனுக்குப் போய்விட்டார். நாகலெட்சுமி வீட்டில் இருந்தாள்; மற்றவர்கள் மலையில். அழகுமுத்து எங்கே என்று கேட்கவேண்டுமா? அஞ்சாம் நம்பர் மலையில், துரையின் கானில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பத்து மணி வாக்கில் கீழே இருந்து கூச்சல் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், மலைத் தண்ணீர் போஞ்சித் தோட்டத்தில் முட்டி, வரப்பில் திரும்பி, படிக்கட்டு வழியாக அருவிபோல விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடம் சோமசுந்தரத்தின் வீடு. உள்ளே நாகலெட்சுமி முழங்கால் தண்ணீரில் நின்று தகரப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் மூலையிலிருந்து சிவப்புத் தண்ணீர் ஒழுகியது.

"அண்ணே, எல்லார் பத்திரமும் நனஞ்சி போச்சுண்ணே!"

அழகுமுத்து மண்வெட்டியைத் தூக்கினார். மேலே ஓடினார். வரப்பை வெட்டிச் சாய்த்தார். பந்தலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குச்சியும் மண்ணுமாக வாரிப் போட்டார். அவர் மனைவி காளியாயி பின்னாலேயே ஓடிவந்தாள். "ஐயோ, காய் பறிக்கலையே! ஒரு கூடை பறிச்சிக்கிட்டு வெட்டக்கூடாதா?" என்றாள். லயமே மிதந்தாலும் கூடை நினைப்பு போகாத மனுஷி. வழி கிடைத்ததும் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடைக்குத் திரும்பியது.

பத்திரங்களைக் காயவைக்க எந்த வீட்டிலும் ஈரமில்லாத இடம் இல்லை. பெக்டரியில் டீமேக்கர் ஐயா மனம் இரங்கி, கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு தட்டை ஒதுக்கிக் கொடுத்தார். சூடான காற்றில் இரண்டு நாள் கிடந்து பத்திரங்கள் காய்ந்தன. வியாழக்கிழமை விசாரணை ஐயா ஒவ்வொன்றையும் பிரித்தபோது தேயிலை வாசம் அடித்ததாம். எழுத்துத் தெரிந்தவரைக்கும் ஏற்றுக்கொண்டார். ஒன்றே ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். அது அழகுமுத்துவின் பிறப்புப் பத்திரம். பெயர் இருந்த இடத்தில் நீலமாக ஒரு தேமல்தான் மிச்சம். வேறு பிரதி எடுத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு லயமும் மண்வெட்டியோடு கானில் இறங்கியது. பக்கத்து வீட்டு மாயாண்டி ஆறுதல் சொன்னான்:

"விடுங்க மாமா. பேய் மழை. மழை செஞ்ச வேலைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அழகுமுத்து மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"மழை என்னடா செஞ்சிச்சு? அது வருசா வருசம் வர்றதுதான். மரத்தை வெட்டி அதை வெரட்டி விட்டது நாம. குப்பையைக் கொட்டி வழியைக் கெடுத்தது நாம. கடைசியா கதவைச் சாத்துனது நான். மலைக் கானை அடைச்சா கண்டாக்கையா கேப்பாரு, வீட்டுக் கானை அடைச்சா யாரு கேப்பான்னு நெனச்சேன். தண்ணி வந்து கேட்டுப்புடுச்சு."

கானுக்குள் நின்ற நாகலெட்சுமி மீன் டின் ஒன்றை எடுத்துக் கரையில் எறிந்தாள்.

"கேக்க ஆளு இருந்துச்சுண்ணே. நீங்க அடைச்சது ரெண்டு எடத்துல. வீட்டுக்குப் பின்னால ஒண்ணு, என் வாயில ஒண்ணு. நானும் ருசியா தின்னுப்புட்டுச் சும்மா இருந்தேன். இனிமே எவராச்சும் இதுல ஒரு பிடி சாம்பல் கொட்டுங்க, பாக்கலாம். முழங்கால் தண்ணியில நின்னு கத்துறதை வெயில்லயே கத்திப்புடுறேன்!"