ஏழில் முடிந்த மழை

தங்கராஜுவின் வாயை மூட இரண்டு துணி தேவைப்பட்டது. முதல் நாடிக்கட்டு அவிழ்ந்துகொண்டே இருந்தது. "உசுரோட இருக்கும்போதே மூடாத வாய்," என்று பக்கத்து வீட்டு ஹரிதாஸ் இரண்டாவது துணியைக் கேட்டு வாங்கி இறுக்கினார். மகள் பூவிழி தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அப்பாவின் முள்தாடி விரலில் குத்தியது.

சாவில் மர்மம் ஒன்றும் இல்லை. முந்தின நாள் மாலை டீ ஆற்றிக்கொண்டே நெஞ்சு அடைக்கிறது என்றார். யாரும் நம்பவில்லை. அது வழக்கம்தான். மூடுபனியில் சட்டையைத் தொங்கவிட்டதாகவும், பத்து மணிக்குப் பனி விலகியதும்தான் அது கீழே விழுந்ததாகவும் பிள்ளை மேல் சத்தியம் செய்தவர்.

மழை விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆள் என்று அந்தப் பிள்ளை நினைத்திருந்தாள். தேயிலைத் தோட்டத்து ஆபிசில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்த முப்பத்தொரு வருடமும், காலை ஏழு மணிக்கு ஃபேக்டரி மேட்டுக்குப் போய், மழைமானியில் நிற்கும் தண்ணீரை அளந்து எழுதுவது அவர் வேலை. ஓய்வு பெற்றபோது அந்தப் பதிவேடுகள் லோரியில் குப்பைக்குப் போக இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பூவிழி மூன்று மாதம் உட்கார்ந்து, பதினோராயிரம் நாள் மழையையும் லேப்டாப்பில் ஏற்றினாள்.

ஏற்றியது ஜூப்பிட்டர் நோட்புக் என்ற மென்பொருளில். பிரவுசரிலேயே திறக்கும், காசு கேட்காது, உள்ளே என்ன ஓடுகிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். திரையில் ஒரு கட்டத்துக்குள் கணக்கை எழுதி இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால், அதற்குக் கீழேயே விடை வந்து நிற்கும். ஜூப்பிட்டர் என்றால் குரு கிரகம் என்று கேட்டதும் அப்பாவுக்கு ஏகப்பட்ட மரியாதை. "குரு பார்க்கக் கோடி நன்மை" என்று பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். பொத்தானை அமுக்குவது அவர் பங்கு.

அந்த மழையையும், கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஓடை ஏறிய நாட்களையும் சேர்த்து, எவ்வளவு பெய்தால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று பூவிழி ஒரு கோடு போட்டாள். வானிலை ஆபிஸ் சொல்லும் அன்றைய மழை கோட்டுக்குக் கீழே இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. ஓடைக்கரைத் தோட்டக்காரர்கள் இருபது பேர் அதைத் தங்கள் போனில் பார்த்துவந்தார்கள்.

பத்து மணிக்கு அவர்களில் ஒருவன் வந்தான். திருச்செல்வம், முட்டைக்கோஸ் போடுகிறவன். இரண்டு நாளாக விடாத மழை. தலையைத் துவட்டிக்கொண்டே பூவிழியிடம் வந்தான்.

"தங்கச்சி, காலையில பாத்தேன். பச்சை. அதான் பொண்டாட்டி புள்ளைங்கள அங்கியே வுட்டுட்டு தைரியமா வந்தேன். ரெண்டாயிரத்துப் பதிமூணுல ஓடையில வெள்ளமும் சேறும் வந்தத பாத்தவன், பச்சை இல்லாட்டி இந்த மழையில அவங்கள வுட்டு நகருவானா? எல்லாம் அப்பா புண்ணியம் லா."

சவப்பெட்டி வரத் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில்தான் செல்லையா ஆரம்பித்தார். ஃபேக்டரியில் இலை காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர், அப்பாவின் சிநேகிதர். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

"நம்ம கிராணி மாதிரி மூளைக்காரன் கெடையாது. அந்தக் குளிருல மேட்டுக்கு எவன் ஏறுவான்? நேரா என் அடுப்புக்கிட்ட வந்து உக்காந்துக்குவான். 'செல்லையா, ராத்திரி எத்தன தடவ ஒண்ணுக்கு எந்திரிச்ச?'ம்பான். மூணு தடவைம்பேன். 'அப்ப முப்பத்தேழு'ன்னு எழுதிட்டுப் போயிருவான் லா!"

கூடம் சிரித்தது. சாவு வீட்டில் அடக்கிச் சிரிக்கும் சிரிப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே போயிற்று.

"சும்மா சொல்லாதீங்க மாமா," என்றாள் பூவிழி. "ஒரு நாள், ரெண்டு நாள் இருக்கும்."

"நான் எதுக்கும்மா பொய் சொல்றேன்? துரை வந்து செக் பண்ற அன்னிக்கு மட்டும் ஏறுவான். அந்த மழை டப்பாவுல ஒரு தவளை குடும்பமே நடத்துச்சு, தெரியுமா?"

மறுபடி சிரிப்பு. திருச்செல்வமும் சிரித்தான். எந்த மழையைப் பற்றிய பேச்சு என்று அவனுக்கு விளங்கியிருக்கவில்லை.

பூவிழி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அரிசி மூட்டைமேல் லேப்டாப்பை வைத்து, புதுக் கட்டம் ஒன்றைத் திறந்தாள். பத்து மில்லிமீட்டருக்கு மேல் பெய்த நாட்களை எடுத்து, எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணச் சொன்னாள். உண்மையாக அளந்திருந்தால் சைபரிலிருந்து ஒன்பது வரை எல்லாம் ஏறக்குறைய சமமாக வரும். மழைக்கு எந்த இலக்கத்தின் மேலும் தனிப் பாசம் கிடையாது.

அமுக்கினாள். ஒரு நொடியில் கீழே தூண்கள் எழும்பின. ஏழு கோபுரம் மாதிரி நின்றது. அதற்கு அடுத்து மூன்று. சைபரும் ஐந்தும் தரையோடு தரை. சைபரிலோ ஐந்திலோ முடித்தால் சந்தேகம் வரும் என்று அப்பா யோசித்திருக்கிறார். வேலை சுத்தம்.

போன மாதம் பச்சைப் பக்கத்தைக் காட்டியபோது அவர் கேட்டிருந்தார். "இத யாராச்சும் நம்புவாங்களா பூவு?"

"எல்லாரும் நம்புறாங்கப்பா."

அதற்கு அவர் கதை ஒன்றும் சொல்லவில்லை. பொத்தானை அமுக்கிய விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு, காலி கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட அம்மா சீதா உள்ளே வந்தாள். திரை அவளுக்குப் புரியவில்லை. மகளின் முகம் புரிந்தது.

"செல்லையா சொல்லிட்டானா?"

"ஒங்களுக்கும் தெரியுமா?"

"அவரு சொன்னதுல எத நம்பி நான் குடும்பம் நடத்துனேன்னு நெனக்கிற?" சீதா குரலைத் தாழ்த்தினாள். "சொல்லிரணும்னுதான் இருந்தாரு. நீ அவ்ளோ ஆசையா பக்கத்துல உக்கார வெச்சிக்கிட்ட. நாளைக்கிச் சொல்றேன், நாளைக்கிச் சொல்றேன்னாரு."

"மூணு மாசமாவா?"

"பொணம் வாசலத் தாண்டட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. ஊரே நிக்குது, மானம் போயிரும்."

பூவிழி பச்சைப் பக்கத்தை நிறுத்தினாள். 'கணக்கு தப்பு. மேல வந்துருங்க' என்று தோட்டக்காரர்களின் குழுவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு வெளியே வந்தாள்.

பெட்டி வந்திருந்தது. அப்பாவை அதில் கிடத்தி, எல்லோரும் மூன்று முறை அரிசி போட்டார்கள். அவள் ஒரு முறை போட்டாள்.

பெட்டியின் முன்பக்கத்தில் ஹரிதாஸும் திருச்செல்வமும் குனிந்தார்கள். தோளில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த திருச்செல்வத்திடம் பூவிழி போனாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்தப் பச்சைய நம்பாதீங்க. வீட்டுல எல்லாரையும் உடனே மேல வரச் சொல்லுங்க."

"ஏம்மா?"

"அப்பா மழைய அளக்கவே இல்ல. எல்லாம் அவரா எழுதுனது. செல்லையா மாமா சொன்னாரே, அதான்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு பெட்டிக்குள் பார்த்தான்.

"தூக்குங்கப்பா, மழை வலுக்குது," என்றார் ஹரிதாஸ்.

மூடி விழுந்தது. தூக்கினார்கள். திருச்செல்வமும் தூக்கினான், வலது தோளில். இடது கையால் சட்டைப் பையைத் துழாவிப் போனை எடுத்து, வீட்டு நம்பரை அமுக்கிக் காதில் வைத்தான். அவளைத் தாண்டிப் போகையில், போனில் மணி அடித்துக்கொண்டே இருப்பது அவளுக்கும் கேட்டது.

லயத்து வீட்டு வரிசையின் முனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். நின்றார்கள். செம்மண் பாதையில் பெட்டி அவன் பக்கம் லேசாகச் சாய்ந்தது. ஹரிதாஸ் தோளை இறக்கிச் சமப்படுத்தினார். தேயிலைச் சரிவின் வளைவில் அவர்கள் திரும்பும்போது திருச்செல்வத்தின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. போன் இன்னும் காதிலேயே இருந்தது. உதடு அசையவில்லை.