குட்டிச் சீமாட்டி

இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு இப்புனி திரையில் வருவாள்.

முதல் ஆட்டம் இரண்டு மணிக்கு. பெரிய படத்துக்கு முன்னால் ஊர்க்காட்சி என்று ஒரு சுருள் ஓட்டுவார்கள். அரண்மனை வாசல், செர்ரி மரங்கள், குரங்குக் கூண்டு, அப்புறம் நீர்யானை. நீர்யானை வாயைத் திறந்து மூடியதும் மழை வரும். கூட்டம் சிதறி ஓடும். ஓடுகிறவர்களுக்கு நடுவில் இப்புனி நிற்பாள். பதினோரு நொடி. மான்சோக் ஆறு முறை பார்த்து ஆறு முறையும் எண்ணியிருந்தான்.

இப்புனி இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஆறு வயது.

படம் பிடித்த நாள் ஏப்ரல் கடைசி ஞாயிறு. ராஜா இருந்த காலத்தில் மான்சோக்கின் அப்பா அந்த அரண்மனை மதிலோரம் குனிந்துதான் நடப்பார். இப்போது உள்ளே புலியும் நீர்யானையும் இருந்தன. பூ பூத்துவிட்டால் சியோல் முழுக்க அங்கேதான். மான்சோக் டிராம் கண்டக்டர். பூக்காலத்தில் ஒரு ஞாயிறு விடுப்புக் கிடைப்பதே அபூர்வம். மனைவி கில்லேக்குத் தைத்து முடிக்க வேண்டிய கல்யாணத் துணி இருந்தது. அவள் மகளுக்குப் புது ரப்பர் காலணி மாட்டி அப்பாவோடு அனுப்பினாள்.

நீர்யானைக் கூண்டுக்குப் பின்னால் கள்ளுக்கடைக் கூடாரம் போட்டிருந்தார்கள். அதன் வாசலில் டிராம் ஓட்டுநர் யாங் நின்று கை காட்டினான். மான்சோக் மகளிடம், இங்கேயே நில், நகராதே என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு கிண்ணம் இரண்டானது. மழை பிடித்தது. அவள் எங்காவது கூரைக்குக் கீழே ஒதுங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது கிண்ணத்தையும் குடித்தான். மழை தணிந்ததும் போய்ப் பார்த்தான். சொன்ன இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

டிராமுக்கு நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, என் மேலங்கியைத்தான் போர்த்திக் கூட்டிவந்தேன், அப்படியும் நனைந்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னான். சொல்வதற்கு முன் சந்து முனையில் இருந்த தொட்டியில் மேலங்கியை முக்கி எடுத்திருந்தான்.

மூன்றாம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் முடிந்துவிட்டது.

சிறு பிள்ளைகளுக்குத் துக்கம் காக்கும் வழக்கம் இல்லை. இரண்டு கூலியாட்கள் வந்து பாயில் சுற்றி மலைக்கு எடுத்துப் போனார்கள். பெற்றவர்கள் கூடப் போகக் கூடாது. போகவில்லை. மறுநாள் மான்சோக் வண்டியில் ஏறி நிறுத்தத்தின் பெயரை ஜோங்னோ, ஜோங்னோ என்று கூவினான். குரல் சரியாகத்தான் வந்தது.

அதற்கு முன் கில்லே அவனை இப்புனி அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவளை இப்புனி அம்மா என்பான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேறு பெயர் வைத்துக்கொள்ள இருவருக்கும் தோன்றியதில்லை. இப்போது கூப்பிடுவதே நின்றுபோனது. சாப்பாடு ஆச்சு என்று அவள் கதவைப் பார்த்துச் சொல்வாள். அவன் எழுந்து வருவான்.

படத்தைப் பற்றி முதலில் சொன்னது யாங். பணிமனையில் வண்டியைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பூ பார்க்கப் போன கூட்டத்தைப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள், உங்கள் முகமும் இருக்கலாம் என்று தட்டி வைத்திருக்கிறார்கள், நானும் போனேன், உன் மகள் இருக்கிறாள் என்றான். கொஞ்ச நேரம் துடைத்தான்.

"சம்சாரத்துக்கு மட்டும் காட்டாதே."

"ஏன்?"

"அதுல நீ இல்லடா."

மான்சோக் தனியாகப் போனான். பிறகு மதிய முறை மாறும் நாளிலெல்லாம் போனான். அழவில்லை. எண்ணினான்.

திரைக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து படத்துக்குக் கதை சொல்பவர் பாங். ஊமைப்படத்துக்கு அவர்தான் வாய். ஜோங்னோவில் அவர் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறவர்களே அதிகம். மழைக் காட்சி வந்ததும் அவர், "துரை ஓடறாரு, துரையோட தொப்பி அவருக்கு முன்னால ஓடுது," என்பார். இப்புனி வந்ததும் குரலைத் தாழ்த்துவார். "எல்லாரும் ஓடியாச்சு. இந்தக் குட்டிச் சீமாட்டி மட்டும் நகரல. ஏன்? அம்மணியோட ரிக்‌ஷா இன்னும் வந்து சேரலியாம்!" அரங்கம் அதிரும். மான்சோக் சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்திருப்பான்.

ஜூன் முதல் வாரம் ஒரு காலை. கில்லே அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்டாமல் கையை அதிலேயே வைத்திருந்தாள்.

"அவ முகம் வர மாட்டேங்குது," என்றாள். "நெத்தி வருது. மூக்கு வருது. கண்ணு வரல."

வீட்டில் இப்புனியின் போட்டோ கிடையாது. அவன் வண்டிக்குப் போனான். அன்று பிற்பகல் இரண்டு நிறுத்தங்களை மாற்றிக் கூவினான். திரும்பி வந்து படத்தைப் பற்றிச் சொன்னான். ஆறு முறை பார்த்ததைச் சொல்லவில்லை. அவள் என்றைக்குப் போகலாம் என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை கடைசி நாள், அப்புறம் சுருள் பியோங்யாங்குக்குப் போய்விடும்.

யாங் சொன்னதை அவன் மறக்கவில்லை. ஆனால் ஓடுகிற கூட்டத்தில் யார் இல்லை என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஆறு ஆட்டத்திலும் ஒருவரும் பார்க்கவில்லை. சிரித்தார்கள். கண்ணைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று நினைத்தான். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். அவள் தனியாக உட்கார வேண்டும். திரையில் நூற்றுக்கணக்கில் முகங்கள். பதினோரு நொடி. பக்கத்தில் இருந்து விரல் நீட்ட ஆள் இல்லை. இன்னொன்றும் இருந்தது. மகளைப் பார்த்து ஊர் சிரிப்பதை அவள் கேட்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அரங்கின் பின்வாசலில் பாங்கைப் பார்த்தான். அவர் தொண்டைக்காகப் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். மான்சோக் விஷயத்தைச் சொன்னான். கூடாரத்தைச் சொல்லவில்லை.

"உன் பொண்ணா அது?" பாங் வாயைத் துடைத்தார். "நான் தினம் ரெண்டு வேளை கிண்டல் பண்றேனே, தம்பி."

"தெரியும்ணா."

"அந்த இடம் வரும்போது ஏதாவது சொல்லணுமா?"

"வீட்டுல தெரிஞ்சுக்கற மாதிரி ஒரு வார்த்தை."

பாங் யோசித்தார். கடைசி வரிசையில் ஒரு ஜப்பானியப் போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார். பாங் சொல்லப் போவது முழுவதும் எழுதிக் கொடுக்கப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, அவர் மடியில் இருக்கும். ஒரு சொல் கூடினால் விசில். விசில் அடித்தால் விளக்கைப் போட்டுவிடுவார்கள். போன மாதம் எழுத்தில் இல்லாத ஓர் ஆற்றின் பெயரைச் சொன்னதற்கே பாங் ஒரு நாள் முழுக்க ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்.

"பேசறதுக்குத்தான் அவன்கிட்ட முத்திரை வாங்கணும்," என்றார். "வாயை மூடறதுக்கு வேண்டாம். நான் எங்க நிறுத்தறேனோ அங்க பார்க்கச் சொல்லு. நான் வாயை மூடி ஜனங்க பார்த்ததே இல்ல. என் பொண்டாட்டியே பார்த்ததில்ல."

மான்சோக் குனிந்து வணங்கினான். வீட்டுக்கு வந்து கில்லேயிடம், கதை சொல்பவர் பேச்சை நிறுத்தும்போது பார் என்றான். அவள் தலையசைத்தாள்.

சனிக்கிழமை வாசலில் காலணிகளைக் கழற்றிக் கொடுத்து அடையாளத்துக்கு ஆளுக்கொரு மர வில்லை வாங்கினார்கள். அவள் வெள்ளைப் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படியேறினாள். அவன் கீழே நடுவரிசையில் உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்தான். மாடிக் கைப்பிடிதான் தெரிந்தது.

விளக்கு அணைந்தது. அரண்மனை வாசல் வந்தது. செர்ரி மரங்கள் வந்தன. குரங்குக்கு பாங் வழக்கம்போல ஒரு மந்திரியின் குரலைக் கொடுத்தார். நீர்யானை வாயைத் திறந்தது. "எங்க மாமியார் கொட்டாவி விடறாங்க," என்றார். கைதட்டல். மழை வந்தது. துரையின் தொப்பி ஓடியது.

பாங் நிறுத்தினார்.

பிடில்காரர் ஒன்றும் புரியாமல் இன்னும் கொஞ்சம் வாசித்துவிட்டு அவரும் நிறுத்திவிட்டார். படக்கருவி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று நிமிர்ந்து திரையைப் பார்த்தார்கள். முந்நூறு பேரும் பார்த்தார்கள்.

இப்புனி நின்றாள். ஒன்று, இரண்டு. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஐந்து, ஆறு. வலப்பக்கம் பார்த்தாள். எம்பிப் பார்த்தாள். அப்புறம் ஓர் அடி எடுத்து வைத்தாள். உடனே காலைப் பின்னால் இழுத்து நின்ற இடத்திலேயே நின்றுகொண்டாள்.

அந்த ஓர் அடியை மான்சோக் இதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் முன்வரிசைத் தலைகள் சிரிப்பில் ஆடிக்கொண்டிருக்கும். ரிக்‌ஷா வரும் என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். அவனும்தான். இப்போது ரிக்‌ஷா இல்லை. எண்ணிக்கை எட்டில் விட்டுப்போனது.

திரையில் குடைகள் வந்து மறைத்தன. பாங் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போனார். விசில் வரவில்லை.

அவன் எழுந்து வெளியே வந்தான். கில்லே ஏற்கெனவே வில்லையைக் கொடுத்துக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். பெரிய படத்துக்கு அவளும் உட்காரவில்லை. அவன் தன் வில்லையை நீட்டினான். காலணி வந்தது. இடது எது வலது எது என்று கொஞ்சம் பார்த்துவிட்டு மாட்டினான்.

தெருவில் வெயிலுக்குக் கண் கூசியது. முலாம்பழ வண்டி ஒன்று குறுக்கே போனது. அது போகும்வரை நின்றார்கள்.

"கண்ணு கிடைச்சுடுச்சு," என்றாள் அவள்.

"ம்."

டிராம் நிறுத்தம்வரை நடந்தார்கள். அவள் ஓர் அடி பின்னால் வந்தாள். தூரத்தில் வண்டி திரும்புவது தெரிந்தது. எந்த எண் என்று அவன் பார்த்தான்.

"இப்புனி அப்பா."

ஐந்து வாரம் கழித்துக் கூப்பிடுகிறாள். அவன் திரும்பினான்.

"அவ யாரைத் தேடுறா?"