மூணாவது அம்பு

எங்க பி.எச்.டி. கைடுக்கு கணக்கு டிபார்ட்மென்ட்ல வெச்ச பேரு முக்கோணம். மூஞ்சிக்காக இல்ல. அவரோட கணக்கெல்லாம் முக்கோணத்துலதான் ஆரம்பிக்கும், முக்கோணத்துலதான் முடியும். ரெண்டு பொருளுக்கு நடுவுல ஒரு அம்பு போட்டா, மூணாவதா ஒரு பொருள் கூடவே வந்து ஒட்டிக்கும். மூணும் சேர்ந்து ஒரு முக்கோணம். அதுவரைக்கும் யாருக்கும் சண்டை இல்ல. இப்ப ஒரு முக்கோணத்துலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகணும். ரெண்டு மூலைக்கு அம்பு கையில இருக்கு. மூணாவது மூலைக்கும் ஒரு அம்பு இருக்குன்னு விதி சொல்லுது. எந்த அம்புன்னு மட்டும் சொல்லாது. பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டா, வழி இருக்குன்னு சொல்லிட்டு நடையைக் கட்டுற ஆளு மாதிரி.

இந்தக் குறைக்காகத்தான் என்ஹான்ஸ்மென்ட்டுன்னு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. அம்பு எங்கேர்ந்து, எப்படி வந்துச்சுங்கிற விவரத்தைத் தூக்கிப் போடாம கூடவே வெச்சுக்கிறது. அவ்வளவுதான். விவரம் கையில இருந்தா மூணாவது அம்பு தானா வந்து நிக்கும். எங்க ஆளுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே ஆகாது. அதெல்லாம் மேக்கப்பாம். மேக்கப் இல்லாமலே மூணாவது அம்புகளை ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரி பொறுக்கிடலாம்னு ஒரு தேற்றம் எழுதித்தான் அவர் பேர் வாங்கினாரு. அதை வெச்சு அவர்கிட்ட படிச்சவங்க எல்லாரும் டாக்டர் ஆகிட்டாங்க. கடைசி ஆளு நான், என் தீசிஸும் அது மேலதான். ஒரு காலேஜ்ல எனக்கு வேலை காத்துக்கிட்டிருந்துச்சு. பட்டம் கைக்கு வந்தா சேரலாம், வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்க.

தீசிஸைக் கொடுத்த பிறகாவது சும்மா இருந்தேனா? வைவாவுக்கு, அதான் வாய்மொழித் தேர்வுக்கு, தயாராகலாம்னு உக்காந்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அவரோட நிரூபணத்துல, இவ்வாறே ஒவ்வொரு அம்பாக எடுத்துக்கொள்கன்னு ஒரு வரி. எடுத்துப் பார்த்தேன். முதல் ரெண்டும் பொருந்துச்சு, அடுத்தது இடிச்சுது. அதை மாத்தினா முதல்ல இருந்தது இடிச்சுது. கடைசியில, எந்த அம்பை எடுத்தாலும் பொருந்தாத ஒரு உதாரணமே கையில வந்து விழுந்துடுச்சு. சரி, அந்த மேக்கப்பைத்தான் போட்டுப் பார்ப்போமேன்னு போட்டேன். தேற்றம் ஜம்முனு நின்னுச்சு. ரெண்டே வரியில நிரூபணம். மேக்கப் இல்லைன்னா தப்பு, இருந்தா ரெண்டு வரி. இதுக்காகத்தான் நான் கண்ணு போக ஒரு தீசிஸே எழுதியிருக்கேன்.

அவர் ரூமுக்குப் போய் போர்டுல போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாரு. அப்புறம் அவரே டஸ்டரை எடுத்து சுத்தமா அழிச்சாரு. வைவால இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, வர்ற எக்ஸாமினரும் நம்ம ஆளுதான்னு சொல்லிட்டு டீ குடிக்கக் கிளம்பிட்டாரு. அவர்கிட்டயே படிச்சு இங்கயே வாத்தியாரா இருக்கிற சீனியர் அக்காகிட்ட போய் அழுதா, அவங்க அதுக்கும் மேல. அவங்க புரமோஷனே அந்தத் தேற்றத்து மேலதான் உக்காந்திருக்காம். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருடின்னாங்க.

எக்ஸாமினர் வந்தாரு. முக்கோணத்தோட முதல் மாணவர். எல்லாத்தையும் கேட்டாரு, அந்தத் தேற்றத்தைத் தவிர. கால்ல சகதி படாம ஓரமா நடக்கிறவர் மாதிரி அதைச் சுத்திச் சுத்திப் போனாரு. கடைசியா, வேற ஏதாவது சொல்லணுமான்னு சம்பிரதாயத்துக்குக் கேட்டாரு. இல்லைன்னு சொல்லியிருந்தா கைகுலுக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனா அன்னைக்கு அந்தப் பொய்யை என் பேர்ல வெச்சுக்க மனசு வரலை. எழுந்து போய் போர்டுல அந்த உதாரணத்தைப் போட்டேன். கீழ அந்த ரெண்டு வரியையும் எழுதினேன்.

எக்ஸாமினர் கைடைப் பார்த்தாரு. கைடு ஜன்னலைப் பார்த்தாரு. தொண்டையைச் செருமிக்கிட்டு எக்ஸாமினர் தீர்ப்பு சொன்னாரு. ரெண்டு வரிக்கெல்லாம் பட்டம் கொடுக்கிற வழக்கம் இல்லையாம். இந்த உதாரணத்தை மறந்துட்டு பழைய அத்தியாயத்தையே வெச்சுக்கிட்டா இப்பவே கையெழுத்துப் போடுவாராம்.

"தப்பா இருந்தா தீசிஸ், சரியா இருந்தா வீட்டுப்பாடமா சார்?"

மறுபடி எழுதிக் கொண்டுவரணும்னு குறிப்பு எழுதி வெச்சுட்டு மனுஷன் ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டாரு. வேலை போச்சுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

வராந்தாவுல கைடு என் பின்னாடியே வந்தாரு. செம திட்டு விழும்னு நினைச்சேன். அவர் குரலே எழும்பலை.

"என் நிரூபணத்துல அந்த வரி இடிக்கும்னு எனக்குத் தெரியும்மா. நீ என்கிட்ட சேர்றதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்புறம் ஏன் சார் அதையே எனக்குக் கொடுத்தீங்க?"

"மத்தவங்க யாரும் அதைக் கவனிக்கலை. நீயும் கவனிக்க மாட்டேன்னு நம்பினேன்."

என்னவோ நான்தான் அவர் நம்பிக்கையைக் கெடுத்த மாதிரி சொன்னாரு.