வாசலில் கழற்றி வைத்த பூட்ஸ்

1

இந்தக் கதை ஒரு பூட்ஸிலிருந்து வந்தது. தென்கொரியாவின் மொக்போ ஊரில் ஒரு வீட்டு வாசலில், கழற்றிய காலணிகளுக்கு நடுவே, உயரமான மருத்துவ பூட்ஸ் ஒன்று ஒற்றையாக நின்றது. பார்த்தேன். அவ்வளவுதான் நிஜம்.

[இல்லை. இன்னும் கொஞ்சம் நிஜம் இருக்கிறது. அதை 'அவன்' என்று எழுதப் போகிறேன்.]

2

முதல் தொடக்கம்: 'மழை விட்டிருந்த ஒரு மாலையில் ஒக்புன் அம்மாள்—' வேண்டாம். மழைக்கு இங்கே வேலை இல்லை.

அடுத்தது: 'மனைவி இறந்த பிறகு அவன்—' அடித்துவிட்டேன்.

மூன்றாவது: ஒக்புன் அம்மாளின் இடது பாதம் வீங்கிச் சிவந்து கொதித்தது. ஆனால் வலியே இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஒக்புன் சந்தையில் கருவாடு விற்பவள். பல வருடச் சர்க்கரைக்காரி. தேக்யோம் அவள் மருமகன். மகள் யுன்சே இப்போது இல்லை. மருமகன் வருவது நிற்கவில்லை.

3

தெருமுனை டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சுளுக்கு என்றார். ஊசி குத்தும் வைத்தியரும் அதையே சொன்னார்.

"சுளுக்குன்னா வலிக்கணுமே அத்தை," என்றான் தேக்யோம்.

"வலிக்கலைன்னு அழச் சொல்றீங்களா மாப்ள?"

பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். அங்கே பியோ என்ற பெண் டாக்டர் இரண்டு பாதங்களிலும் இரண்டு புறங்கைகளை வைத்தார். இடது அதிகச் சூடு. ஸ்கேன் எடுத்தார்கள்.

"சுளுக்கு இல்லைம்மா. சர்க்கரையால நரம்பு மரத்துப்போச்சு. உள்ளே எலும்பு நொறுங்குறது உங்களுக்குத் தெரியல. இந்தச் சூடு அடங்குற வரைக்கும் அது நிக்கலைன்னு அர்த்தம். இப்படியே நடந்தா பாதத்தோட வளைவு இடிஞ்சு கீழே இறங்கிடும். அப்புறம் புண். அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரலாம். கழற்ற முடியாத கட்டுப் போட்டுடலாம்."

"குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுற நேரத்துலயா? நான் நின்னு உப்புப் போடலைன்னா அந்த முட்டைக்கோஸை நாய்கூட மோந்து பார்க்காது டாக்டர்."

பேரம் பேசி, கழற்றி மாட்டும் பூட்ஸில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு அடிக்கும் காலில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஒக்புன் தலையாட்டினாள்.

* இந்த டாக்டர் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. கதைகளில் டாக்டர்கள் அளவுக்கு மீறித் தெளிவாகப் பேசுகிறார்கள். முந்தைய பிரதியில் அவர் பெருமூச்சு விட்டார், ஜன்னலைப் பார்த்தார். நீக்கிவிட்டேன். புறங்கைகளை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். அவை தேவைப்படும்.

4

அடுத்த முறை போனபோதும் பாதம் கொதித்தது.

"பூட்ஸ் போட்டிருந்தீங்களா?"

"சத்தியமா. சந்தைக்கு, பொதுக் குளியல் கூடத்துக்கு, எங்க போனாலும்."

பொய் சொல்லவில்லை. தேக்யோம் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தான். அவள் வாசல் படியில் உட்கார்ந்து பட்டைகளைப் பிரித்தாள். பூட்ஸை உருவி, முனை தெருவைப் பார்க்க, யுன்சேயின் வெள்ளைக் காலணிகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள். வெறுங்காலோடு சமையலறைக்கு நடந்தாள். அங்கே நாளெல்லாம் நடப்பவள்.

அவனும் குனிந்து தன் காலணியைக் கழற்றப் போனான். அப்போதுதான் புரிந்தது. இந்த ஊரில் பூட்ஸ் என்றால் வாசலோடு சரி. வீட்டுக்குள்ளும் போடுங்கள் என்று டாக்டருக்குக்கூடச் சொல்லத் தோன்றவில்லை.

நிமிர்ந்தான். கழற்றாமல் உள்ளே ஏறினான்.

"அய்யோ! காலைப் பாரு! செருப்போட வர்றியே, உனக்கு என்ன பைத்தியமா!"

மரியாதை போய்விட்டது. அவன் தரை நடுவே உட்கார்ந்தான். சேறு பதிந்தது.

"நீங்க அதை மாட்டிக்கிட்டு வாங்க. அப்புறம் நான் கழட்டுறேன்."

"தெருவையெல்லாம் மிதிச்சதை உள்ளே கொண்டு வரச் சொல்றியா? மனுஷங்க இருக்குற வீடு இது!"

"இருக்கணும்னுதான் சொல்றேன்." பிறகு வாசலைக் காட்டினான். "யாரும் போட்டுக்காத செருப்பு அந்த வாசல்ல ஒரு ஜோடி போதும் அத்தை."

ஒக்புன் அடுப்பை அணைத்தாள். சேற்றைப் பார்த்தாள். வாசலைப் பார்க்கவில்லை.

"டாக்டர் சொன்ன அந்தக் கட்டையே போடச் சொல்லு. கழட்ட முடிஞ்சா கழட்டிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. கோஸுக்கு நீதான் உப்புப் போடணும். கரிச்சா உன் தலையில கொட்டுவேன்."

துணியை அவன் மேல் எறிந்தாள். அவன் துடைத்தான்.

5

முடிவு ஒன்று: கட்டைப் பிரித்தார்கள், வளைவு அப்படியே— இனிப்பு. சர்க்கரைக்காரி கதைக்கு ஆகாது.

முடிவு இரண்டு: நாள் தாண்டிவிட்டது, எலும்பு ஏற்கெனவே— எழுத மாட்டேன். ஒரு தடவை அப்படி முடிந்ததைப் பார்த்தாயிற்று.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. கிம்ச்சி கரித்தது. அவள் கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, திட்டிக்கொண்டே தின்றாள். மாதங்கள் கழித்து, குளிர் விட்ட ஒரு காலையில், டாக்டர் கட்டை வெட்டிப் பிரித்தார். தோல் வெளுத்திருந்தது. தேக்யோம் குனிந்து பார்த்தான்.

இங்கே டாக்டரை வெளியே அனுப்பிவிடுகிறேன். இரண்டு பாதங்களும் உங்கள் முன்னால் இருக்கின்றன. புறங்கைகளை வையுங்கள்.

அவசரப்படாதீர்கள். சூடு தெரியக் கொஞ்சம் நேரமாகும்.